பல் வேர் கரையுதுன்னு சொன்னாங்களா? முதல்ல எந்த வகைன்னு கேளுங்க

இதுல பெரிய தொல்லையே வலி இருக்காதுங்கிறதுதான், வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் முக்காவாசி பேருக்கு தெரியவரும், அதுக்காக "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்"னு தயவுசெஞ்சு விட்றாதீங்க. இது சொத்தை இல்ல, நம்ம உடம்போட செல்லே வேரை அரிக்குது, எவ்ளோ நல்லா பல் தேய்ச்சாலும் நிக்காது.

டாக்டர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது, உள்ள இருந்து கரையுதா வெளிய இருந்தா? ஒரே ஒரு எக்ஸ்ரேல ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். கோணம் மாத்தி இன்னொன்னு எடுத்தா உள்ள இருக்குற குழி வேர்க்குழாயோடயே நிக்கும், வெளிய இருக்குறது தள்ளிப் போய் தெரியும். அப்பவும் சந்தேகம்னா சிபிசிடி ஸ்கேன் (பல்லை முப்பரிமாணமா காட்டுற எக்ஸ்ரே) எடுத்துடுங்க, ஏன்னா வகை மாறினா வைத்தியமே மாறிடும்.

உள்ள இருந்துன்னா ரூட் கேனால் பண்ணி நரம்பை எடுத்தாலே நின்னுரும், ஆனா பண்றது லேசு இல்ல, குழி பலூன் மாதிரி உப்பியிருக்கும், ஃபைல்ங்கிற சுத்தம் பண்ற மெல்லிய ஊசி ஓரத்துக்கு எட்டாது, ரத்தம் வேற கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதான் ஹைப்போகுளோரைட்ங்கிற கிருமிநாசினி ஊத்தி அல்ட்ராசோனிக் அதிர்வுல கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து கொஞ்ச நாள் வச்சுட்டு, அப்புறம் கட்டாபெர்ச்சாவ (ரப்பர் மாதிரி அடைக்கிற பொருள்) சூடாக்கி இளக்கி அடைப்பாங்க. வேர் ஓட்டையாகியிருந்தா எம்டிஏங்கிற பல் சிமென்ட் வைக்கணும். ரெண்டு மூணு சிட்டிங் ஆகும், அவசரப்படுத்தாதீங்க.

ஈறுக்கு பக்கத்துல வெளிய இருந்து அரிக்கிற வகைதான் என்னைப் பொறுத்தவரை ரொம்ப சிக்கல். ஈறைத் திறந்து, கெட்ட திசுவ சுரண்டி, அடைக்கணும், கொஞ்சம் மிச்சம் விட்டாலும் திரும்ப வரும், ரொம்ப ஆழமா போயிருந்தா பல்லை எடுக்கவே வேண்டி வரலாம். பல்லோட கழுத்துல இளஞ்சிவப்பா புள்ளி தெரிஞ்சா உடனே காட்டுங்க.

அடிபட்டு நரம்பு செத்து அரிக்குதுன்னா மாசக்கணக்குல வேரே காணாம போயிடும், சீக்கிரம் ரூட் கேனால் பண்ணியே ஆகணும். வேர் எலும்போட ஒட்டிக்கிட்டு தட்டினா கணீர்னு சத்தம் வந்தா அதை நிறுத்த வழி இல்ல, கண்காணிக்கத்தான் முடியும், வளர்ற புள்ளைங்களுக்கு அந்தப் பல்லு மட்டும் மத்த பல்லோட மட்டத்துக்கு வராம தங்கிடும்ங்கிறதால சீக்கிரமே முடிவெடுக்கணும்.

கம்பி போட்டதால கரையுதுன்னா கொஞ்ச மாசம் இழுக்கிறத நிறுத்தி வைப்பாங்க, பெரும்பாலும் அதோட நின்னுடும்.

எது பண்ணாலும் பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் பத்திரமா வச்சு ஒவ்வொரு செக்கப்புக்கும் எடுத்துட்டுப் போங்க, பக்கத்துல வச்சுப் பாத்தாதான் நின்னுச்சா இன்னும் அரிக்குதான்னு தெரியும்.