இணையவழி ஆய்வைக் கற்றுத்தர ஒரு பாடத்தளம்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

மதுரை வட்டார மல்லிகை விவசாயிகளைப் பற்றி என் முதுகலை மாணவி ஒருவர் ஆய்வு செய்தார். கூகுள் ஃபார்மில் கேள்விகளை எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினார். இரண்டே நாளில் பதில்கள் குவிந்தன. பிரித்துப் பார்த்தால், நிரப்பியவர்களில் பெரும்பாலோர் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். இருட்டு விலகுமுன் மொட்டுப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பும் பெண்களில் ஒருவர்கூட அதில் இல்லை. அந்த மாணவி உழைப்பில் குறை வைக்கவில்லை. இணையத்தில் தரவு திரட்டுவது எப்படி என்று நாங்கள் அவருக்குக் கற்றுத்தந்திருக்கவில்லை. அந்த வருத்தத்தில் கட்டியதுதான் என் பாடத்தளம். நீங்களும் ஒரு பருவத்துக்குள் கட்டிவிடலாம்.

முதல் படி: தவறுகளைத் திரட்டுங்கள்

கணினியைத் திறக்க அவசரப்பட வேண்டாம். துறை நூலகத்தில் உள்ள பழைய ஆய்வேடுகள் நான்கைந்தை எடுத்து, இணையத்தில் தரவு திரட்டிய பகுதிகளை மட்டும் படியுங்கள். யாரிடம் கேட்டார்கள், யார் விடுபட்டார்கள், ஒப்புதல் பெற்றார்களா என்று ஓரத்தில் குறியுங்கள். ஒவ்வொரு தவறும் ஒரு பாடத்தின் நோக்கமாகும். அந்த நோக்கத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள். ‘மாதிரி எடுத்தலை அறிந்துகொள்வார்’ என்று எழுதினால் பின்னால் அளக்க வழியில்லை. ‘தன் படிவம் யாரைச் சென்றடையாது என்று ஒரு பத்தி எழுதுவார்’ என்றால் அளக்கலாம்.

இரண்டாம் படி: ஒரு பாடம், ஒரு வேலை

மாதிரி, அதாவது எல்லாரையும் கேட்க முடியாதபோது நாம் கேட்கும் சிலர், பற்றிய பாடத்தை நான் 1936-இல் தொடங்குகிறேன். அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் அதிபர் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. வேட்பாளர்களில் லாண்டன் வெல்வார் என்றது இதழ். வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்து. தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் பெயர் இருந்தவர்களையே பெரிதும் கேட்டதும், ஆர்வமுள்ளவர்கள் மட்டும் பதில் அனுப்பியதும் கணிப்பைக் கவிழ்த்தன. மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

இதைப் படித்ததும் மாணவருக்கு வேலை: உசிலம்பட்டியில் ஒரு தெருவை மனத்தில் வைத்து, வாட்ஸ்அப் இணைப்பு போய்ச் சேராத வீடுகள் எவை, ஏன் என்று எழுத வேண்டும். கூடவே ஒரு சிறு சோதனை. கூகுள் ஃபார்மில் ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற கட்டுப்பாட்டைப் போட்டுவிட்டு, கூகுள் கணக்கில் நுழையாத கைபேசியில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். கணக்கில் நுழையச் சொல்லித் தடுக்கும். யார் வெளியே நிற்கிறார்கள் என்பதை அந்தத் திரையே காட்டிவிடும்.

ஒப்புதல் பாடத்தில் இரண்டு செய்திகளைத் தவறவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. கல்லூரி முதலாண்டு வகுப்பிலேயே அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அடுத்தது, பொதுவெளிப் பதிவு ஒன்றைப் பெயர் நீக்கி வரி மாறாமல் எடுத்தாண்டால், அந்த வரியைத் தேடுபொறியில் இட்டாலே எழுதியவரைக் கண்டுபிடித்துவிட முடியும். இதை மாணவர்கள் தாங்களே தேடிப் பார்க்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

மூன்றாம் படி: இடம்

சர்வர் வசதி இருந்தால் மூடுல் (Moodle) என்ற பாடத்தள மென்பொருள். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் இணையப் பக்கங்கள் கட்ட உதவும் கூகுள் சைட்ஸ் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகளை அப்படியே ஏற்ற வேண்டாம், கைபேசியில் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

நான்காம் படி: மதிப்பீடு

பலரும் ‘பாடம் பிடித்திருந்ததா?’ என்று கேட்டு, ஐந்துக்கு நான்கரை வாங்கியதும் முடித்துக்கொள்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இலேயே பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா. நாம் முதல் நிலையிலேயே நின்றுவிடுகிறோம்.

வெளியிடுமுன் ஐந்து மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் கைபேசியிலேயே பாடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்கட்டும். நீங்கள் உதவவே கூடாது. கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று, இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். என் தளத்தில் முதல் மாணவரிடமே அகலமான அட்டவணை ஒன்று திரைக்கு வெளியே ஓடிப்போயிருந்தது.

கற்றார்களா என்று பார்க்க, வேண்டுமென்றே பிழைகள் வைத்த இரண்டு படிவங்களைத் தயாரியுங்கள். வகுப்பில் பாதிப் பேர் பாடத்துக்கு முன் முதல் படிவத்தையும் பின் இரண்டாவதையும் திருத்தட்டும்; மீதிப் பேர் மாற்றிச் செய்யட்டும். ஒரே படிவத்தை இருமுறை கொடுத்தால், பழக்கத்தால் கண்ட பிழை எது, பாடத்தால் கண்டது எது என்று பிரிக்க முடியாது.

நடத்தை மாறியதா என்பதற்கு ஆய்வேடு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். தரவு திரட்டிய அத்தியாயத்தை, முதல் படியில் நீங்கள் குறித்த அதே கேள்விகளோடு மறுபடி படியுங்கள். சென்ற முறை ஒரு மாணவர் படிவத்தை அனுப்பியதோடு நிற்கவில்லை. விடியற்காலையில் பூச்சந்தைக்குப் போய், கேள்விகளை வாசித்துக் காட்டி, பதில்களைத் தன் கைபேசியில் பதிந்திருந்தார்.

செயலிகளின் அமைப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் திருத்திய தேதியைப் போடுங்கள். நான் ஆண்டுதோறும் ஜூனில், வகுப்பு திறக்குமுன், எல்லாப் பாடங்களையும் என் கைபேசியில் ஒருமுறை செய்து பார்த்துத் திருத்துகிறேன்.