பறவை பார்க்கப் போகுமுன் அலை நேரம் பாருங்கள்

வற்றும் ஏரியில் பறவை பார்க்க, கோடை வரை காத்திருக்க வேண்டும். மலேசியாவின் பினாங்கில் அந்தக் கவலை இல்லை. பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவார் கரையில் கடல் தினமும் இரண்டு முறை வற்றுகிறது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியாப் பக்கத்துப் பறவைகள் அந்தச் சேற்றில்தான் இரை தேடும்.

பலர் செய்யும் தப்பு, நானும் செய்தது: தண்ணீர் முழுக்க வற்றியபின் போவது. சேறு கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். பறவைகள் அதன் அந்தக் கோடியில் புள்ளிகளாகத் தெரியும். அலை, அதாவது கடல் மட்டம், ஏறும்போது போங்கள். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் என்றால் சரி. தண்ணீர் ஏற ஏற அதுவே பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிவரும். அலை அட்டவணை போனிலேயே கிடைக்கும். கரை மேற்கு பார்த்தது, அதனால் காலை உச்ச அலை உள்ள நாளாகப் பாருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்.

எந்தப் பறவை என்று தெரிய, முதலில் அதன் காலைக் கவனியுங்கள். சிவப்புக் கால் என்றால் பெரும்பாலும் பவளக்காலி. கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு. அப்புறம் அலகு: கீழ்நோக்கி வளைந்த நீள அலகு கோட்டானுடையது (ஆந்தை இல்லை, இது வேறு கோட்டான்). நண்டு வளைக்குள் அலகை விட்டுத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். முழங்கால் வரை புதையும், பறவையும் பறந்துவிடும்.