மீன் தொட்டியில் ஏதோ வளர்கிறதா? மருந்து ஊற்றும் முன் இதைச் செய்யுங்கள்

புதுத் தொட்டி வைத்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. கட்டையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படரும், கண்ணாடியில் பழுப்பாக மாவு படியும். சில மாதம் போனால் இலை ஓரத்தில் கருப்பு முடி, மணல்மேல் நீலப்பச்சைப் படலம். பார்த்ததும் பலர் நேராகக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் மருந்தை வாங்கிவந்து ஊற்றிவிடுகிறார்கள். நன்னீர்த் தொட்டியில் இப்படி வளர்பவற்றில் பெரும்பாலானவை மீனை ஒன்றும் செய்வதில்லை. அளவு தெரியாமல் ஊற்றிய மருந்தால் ஒரே இரவில் தொட்டி காலியானதுண்டு. அதனால் முதலில் அது என்னவென்று கண்டுபிடிப்போம்.

படி 1: மீனைப் பாருங்கள்

மீன்கள் வழக்கம்போல் நீந்தி, சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவசரமே இல்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் உடனே 30 சதவீதம் தண்ணீரை மாற்றி, ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் இருந்தால் சோதித்துவிடுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

படி 2: தொட்டு, முகர்ந்து, அசைத்துப் பாருங்கள்

போனில் நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். உடனே கலைகிறதா, ஏடு ஏடாக உரிகிறதா, எவ்வளவு தேய்த்தாலும் அசையாமல் பிடித்துக்கொள்கிறதா? தொட்டதும் சுருங்குகிறதா? பிரஷ்ஷில் ஒட்டியதை முகர்ந்தும் பாருங்கள். அடையாளம் காண்பதில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இரவில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. பகலில் ஒளிந்திருக்கும் புழுக்கள் அப்போதுதான் கண்ணாடியில் ஊர்ந்து வரும்.

படி 3: பெயரைக் கண்டுபிடியுங்கள்

*புதுக் கட்டைமேல் வெள்ளைக் கொழகொழப்பு.* புதிதாகத் தொடங்குகிறவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான், பயப்படவே தேவையில்லாததும் இதுதான். மரத்திலிருந்து கசியும் சர்க்கரைச் சத்தைத் தின்று பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து கட்டும் படலம் இது. இறால், நத்தை இருந்தால் விருந்தாகத் தின்னும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் மாற்றும்போது டியூபால் உறிஞ்சி எடுங்கள். சில வாரங்களில் சத்துத் தீர்ந்ததும் தானே நின்றுவிடும். இனி கட்டை வாங்கினால் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவைத்துப் போடுங்கள், படலம் குறையும். விரலால் அழுத்தும்போது கட்டை அமுங்கினாலோ, அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ அதை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள்.

வெள்ளைப் பஞ்சு கட்டையில் இல்லாமல் மணல்மேல் ஒரு உருண்டையாகத் தெரிந்தால் அது மிஞ்சிய தீனி. எடுத்துப் போடுங்கள், தீனியைக் குறையுங்கள்.

*பழுப்பு மாவு.* விரலால் துடைத்தாலே போய்விடும். இது டயட்டம், தண்ணீரில் உள்ள சிலிக்காவைக் கொண்டு ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. புதுத் தொட்டிகளில் முதல் சில வாரங்களில் வரும், தொட்டி பக்குவப்பட்டதும் போகும். துடைத்துவிட்டுக் காத்திருங்கள்.

*கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகள்.* ஸ்பாஞ்சுக்கு அசையாது. பழைய ஏடிஎம் கார்டாலோ பிளேடாலோ சுரண்டுங்கள். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு வைக்காதீர்கள், கீறல் நிரந்தரம்.

*தண்ணீர் மட்டத்தில் வெள்ளைக் கோடு.* இது வளர்வதே இல்லை. போர் தண்ணீரில் உள்ள உப்பு படிவது. மட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, வினிகர் நனைத்த துணியால், வினிகர் உள்ளே சொட்டாமல் துடையுங்கள்.

*நீலப்பச்சைப் படலம்.* இதற்கு மட்டும் அதிக கவனம் வேண்டும். மணல், செடி எல்லாவற்றையும் மூடி, ஏடு ஏடாக உரியும். பழைய குட்டை வாசம் அடிக்கும். பாசி என்றே எல்லோரும் சொன்னாலும் இது சயனோபாக்டீரியா, அதாவது ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா. அதனால் பாசிக்கான மருந்தை நம்பிப் பயனில்லை, பாசி தின்னும் மீன்களும் இதைத் தொடாது. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலை, மணலில் தேங்கிய அழுக்கு, ஜன்னல் வெயில் ஆகியவற்றால் பெருகும்.

செய்ய வேண்டியது இது: டியூபால் முடிந்தவரை எல்லாவற்றையும் உறிஞ்சி எடுங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு விளக்கை அணைத்து, தொட்டி முழுவதையும் கனமான போர்வையால் மூன்று நாள் மூடிவையுங்கள். காற்று போகச் சிறு இடைவெளி இருக்கட்டும். ஃபில்டரும் ஏர் பம்ப்பும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் செத்து அழுகும் படலம் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைக் குறைக்கும். மூன்று நாளும் தீனி வேண்டாம், ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் தாங்கும். நான்காம் நாள் போர்வையை எடுத்து, 30 சதவீதம் தண்ணீரை மாற்றி, ஃபில்டரின் வாயை அந்த மூலையை நோக்கித் திருப்பிவையுங்கள். எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் ஆன்டிபயாடிக்கைக் கணக்கில்லாமல் கரைத்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருட்டும் சுத்தமும் போதும்.

*கருப்புத் தாடி.* இலை ஓரத்திலும் ஃபில்டர் வாயிலும் குட்டிக் குட்டிக் குஞ்சமாக, கருப்பாகவோ சாம்பல் நிறத்திலோ இருக்கும். இழுத்தால் வராது. பார்க்கக் கருப்பானாலும் இது சிவப்புப் பாசி இனம். ஒரு துண்டைப் பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டால் சிவப்பாக மாறும். பாதித்த இலைகளை வெட்டி எடுத்துவிடுவதே சுலபம். கட்டை, கல்லில் இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். இங்கே ஒரு எச்சரிக்கை: நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், இணையத்தில் சொல்லும் அளவுகள் 3 சதவீதத்துக்கானவை. லேபிளைப் படித்து, 6 சதவீதமாக இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஃபில்டரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசிமேல் மெதுவாகப் பீய்ச்சுங்கள். 40 லிட்டர் தொட்டிக்கு ஒரு நாளில் 3 சதவீதக் கரைசல் 20 மில்லிக்கு மேல் போகக் கூடாது. பத்து நிமிடம் கழித்து ஃபில்டரை ஓடவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். சில நாளில் பாசி இளஞ்சிவப்பாகி, பின் வெளுத்து உதிரும். மாஸ், வாலிஸ்னேரியா செடிகள் தாங்காது, அவற்றின் மேல் படவிடாதீர்கள்.

*கண்ணாடியில் ஜெல்லிப் பொட்டு.* உள்ளே சின்னப் புள்ளிகள் தெரிந்தால் நத்தை முட்டை. நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். எள் அளவில் கெட்டியான வெள்ளைப் புள்ளி என்றால் நெரைட் நத்தை இட்டது. அது நன்னீரில் பெருகாது, விட்டுவிடுங்கள். குட்டி நத்தைகள் கூடிப்போனால் இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் அதன்மேல் மொய்த்திருக்கும் நத்தைகளோடு சேர்த்து எடுங்கள்.

*தொட்டால் சுருங்கும் குட்டி மரம்.* ஒரு சென்டிமீட்டர் தண்டு, உச்சியில் நூல் நூலாகக் கைகள்: இது ஹைட்ரா, பிராணி. பெரிய மீனுக்கு ஆபத்தில்லை. இறால் குஞ்சையும் புதிதாகப் பிறந்த மீன் குஞ்சையும் பிடித்துத் தின்னும். நசுக்காதீர்கள். வெட்டிய துண்டு முழு ஹைட்ராவாக வளரும் என்பதை 1740களிலேயே ஆபிரகாம் டிரெம்ப்ளே என்ற இயற்கை ஆய்வாளர் காட்டிவிட்டார். குஞ்சு வளர்க்காத தொட்டி என்றால் தீனியைக் குறைத்தாலே எண்ணிக்கை இறங்கும். கௌராமி மீன் இதை விரும்பித் தின்னும். முக்கோணத் தலையோடு கண்ணாடியில் வழுக்கிச் செல்லும் புழு என்றால் பிளனேரியா. அதையும் நசுக்கக் கூடாது. இரண்டுக்கும் ஃபென்பெண்டசோல் என்ற கால்நடைக் குடற்புழு மருந்து வேலை செய்யும், ஆனால் நத்தைகளைக் கொல்லக்கூடும். நெளியும் மெல்லிய வெள்ளை நூல் போன்ற புழுக்கள் கெடுதி செய்யாது, மணலைச் சுத்தம் செய்தால் போதும்.

படி 4: காரணத்தைச் சரிசெய்யுங்கள்

மேலே சொன்ன எதையும் எடுத்துப் போடலாம். காரணம் அப்படியே இருந்தால் அடுத்த மாதம் திரும்பி வரும். காரணம் பெரும்பாலும் விளக்கும் தீனியும்தான். ஹாலில் அழகுக்காகக் காலை முதல் இரவு வரை எரியும் தொட்டி விளக்கு பாசிக்குக் கொண்டாட்டம். ஒரு டைமர் பிளக் வாங்கி, ஒரு நாளைக்கு 6 மணி நேரமாகக் குறையுங்கள். தொட்டியில் நேர் வெயில் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் பின்பக்கம் கருப்புத் தாள் ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி போதும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பட்டால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

பாசி தின்ன சக்கர் மீன் வாங்கலாமா?

வேண்டாம். கடையில் விரல் நீளத்தில் விற்கும் அந்த மீன் ஒரு அடிக்கு மேல் வளரும், வளர வளரப் பாசியை விட்டுத் தீனிக்கு வரும், அதன் கழிவே அடுத்த பாசிக்கு உரமாகும். சிறு தொட்டிக்கு இரண்டு நெரைட் நத்தை போதும். ஏற்கெனவே வாங்கி, தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டது என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவர்களிடம் சேருங்கள். ஏரியிலோ கால்வாயிலோ ஒருபோதும் விடாதீர்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இப்படி விடப்பட்டுத்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையை நிறைக்கிறது.