மழை நாளில் சாயங்காலக் குகைப் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

போன மழைக்காலத்தில் நண்பர்கள் நாலு பேர் ஒரு சுண்ணாம்புக்கல் குகைக்குள் போய், உடம்பெல்லாம் சேறோடு நல்லபடியாகவே திரும்பினோம். வெளியேதான் அமளி. அந்தக் கதை நாலாவது படியில். கயிறு தேவைப்படாத, உங்களில் ஒருவராவது முன்பே போய்வந்த குகை, போவது குறைந்தது நாலு பேர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. ஓடை ஓடும் குகை மழை நாளில் வேண்டவே வேண்டாம். வாசலில் தூறல் நின்றதா என்பது கணக்கே இல்லை. மேலே எங்கோ பெய்தது பாறை வெடிப்புகள் வழியாக இறங்கி, தாமதமாக உள்ளே வந்து சேரும். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன கால்பந்து அணிச் சிறுவர்கள் 12 பேரும் அவர்களுடைய பயிற்சியாளரும் அப்படி ஏறிய வெள்ளத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள்; கடைசி ஆள் வெளியே வர ஜூலை 10 ஆனது. கூரையில் சருகு ஒட்டியிருந்தால் தண்ணீர் அதுவரை ஏறும் என்று அர்த்தம்.

2. ஆளுக்கு மூன்று விளக்கு. போன் டார்ச் இந்தக் கணக்கில் சேராது. பேட்டரி மாற்றக்கூடிய தலைவிளக்குதான் என் கட்சி. சார்ஜ் தீர்ந்த விளக்கை உள்ளே என்ன செய்வது? எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதற்கு விளக்கில் ஒரு தரக்குறி இருக்கும்: ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத்தான் தாங்கும், கொஞ்ச நேரம் மூழ்கினாலும் தாங்கும் ஐபிஎக்ஸ்7 வாங்குங்கள். சாயங்காலம் போனால் வெளியேயும் இருட்டுதான், வண்டி வரை நடக்கவும் வெளிச்சம் வேண்டும்.

3. ஜீன்ஸ், பருத்திச் சட்டை கூடாது. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஹெல்மெட், ரப்பர் பூட்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

4. வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. நான் சறுக்கியது இங்கேதான். "9 மணிக்கு வந்துவிடுவோம்" என்று மட்டும் நண்பரிடம் சொல்லியிருந்தேன். 9.05-க்கு வெளியே வந்தோம். சிக்னல் இல்லை. வழுக்கும் பாதையில் 40 நிமிடம் நடந்து, உடை மாற்றி, அரட்டை அடித்து, அப்புறம் போனைப் பார்த்தால் எல்லோருக்கும் தவறிய அழைப்புகள். அவர் போலீஸுக்கே சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, 9 என்றுதானே சொன்னேன்!

இப்போது இரண்டு நேரம் எழுதி அனுப்புகிறேன்: வெளியே வர உத்தேசிக்கும் நேரம், அது தாண்டினால் மீட்புக்குச் சொல்லவேண்டிய கெடு. சிக்னல் கிடைக்கும் இடம் வரை நடக்கிற நேரத்தையும் கெடுவில் சேர்த்துவிட வேண்டும். கூடவே குகையின் பெயர், எந்த வாசல், எத்தனை பேர், வண்டி நிற்கும் இடம். "வந்துவிட்டோம்" என்று சொல்லும் பொறுப்பு ஒரே ஆளுக்கு. ஈர உடையைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் செய்யவேண்டும்.

5. உள்ளே வழி பிரியும் ஒவ்வொரு இடத்திலும் திரும்பிப் பாருங்கள்; வரும்போது அதே இடம் வேறு மாதிரி இருக்கும். மூச்சும் ஈர உடையும் ஆவி கிளப்பி வெளிச்சம் கண்ணிலேயே அடித்தால், விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடியுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ உடனே திரும்பிவிடவேண்டும். யாராவது ஒருவர் "போதும்" என்றால் காரணம் கேட்கக்கூடாது. வழி ஏற்கெனவே மூழ்கியிருந்தால் முங்கிப் பார்க்காதீர்கள். உயரமான இடத்தில் ஒட்டி உட்கார்ந்து காத்திருங்கள். கெடு முடிந்ததும் வெளியே இருப்பவர் ஆள் அனுப்புவார்.

பின்சேர்க்கை: மூன்று பேர் போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்கவேண்டும். உதவி தேடி இருட்டில் ஒருவரைத் தனியே அனுப்பமுடியாது. அதனால் நாலு.