வேளாண் வரிக் குறைப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

வரியை இத்தனை சதவீதம் குறைக்கிறோம் என்று ஒரு நாடு சொன்னால், எந்த வரியை என்று முதலில் கேளுங்கள். உலக வர்த்தக அமைப்பில் குறைப்பு உச்சவரம்பு வரியிலிருந்துதான் தொடங்கும். அதாவது இதற்கு மேல் போக மாட்டோம் என்று எழுதிக்கொடுத்த அளவு. துறைமுகத்தில் வசூலிக்கும் நடைமுறை வரி பல நேரம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டையும் அருகருகே எழுதுங்கள்.

அந்த அமைப்பின் தோஹா பேச்சுச் சுற்றில் வந்த 2008 டிசம்பர் வரைவை எடுத்துக்கொள்வோம். அது நிறைவேறவில்லை, ஆனால் கணக்குப் பழக நல்லது. வளரும் நாடுகளுக்கு 30 முதல் 80% வரையுள்ள வரியில் 38% வெட்டு. 130-க்கு மேல் சுமார் 46.7%. இந்தியாவின் பாமாயில் உச்சவரம்பு 300%. வெட்டினாலும் 160% மிஞ்சும். நடைமுறை வரி அதற்குள் இருக்கும்வரை ஒரு பைசாகூடக் குறையாது. சோயா எண்ணெய் உச்சவரம்போ 45% தான். அது 27.9% ஆகிவிடும்; நடைமுறை வரி 30% என்றால் உடனே இறக்கியாக வேண்டும். எண்ணெய்வித்து விவசாயிக்கு அடி விழுவது இங்கேதான்.

அடுத்து, எடைக்கு இவ்வளவு என்று போடும் வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெண்ணெய் 100 கிலோவுக்கு 189.6 யூரோ. அதே வரைவில் வளர்ந்த நாடுகளுக்கு வெட்டு அதிகம். 100 கிலோவின் உலக விலை 200 யூரோ என்று வைத்தால் இது 94.8%, வெட்டு 70%. விலை 400 என்றால் 47.4%, வெட்டு 57% தான். எந்த ஆண்டு விலையை வைத்து மாற்றினார்கள் என்று பார்க்காமல் சதவீதத்தை நம்பாதீர்கள்.

சராசரியிலும் ஏமாறலாம். தோஹாவுக்கு முந்தைய உருகுவே பேச்சுச் சுற்றில் வளர்ந்த நாடுகள் ஆறு ஆண்டுகளில் சராசரி 36%, பொருளுக்குக் குறைந்தது 15% வெட்ட வேண்டியிருந்தது. நான்கு பொருளில் ஒன்றின் 4% வரியைப் பூஜ்யமாக்கினால் அது 100% வெட்டு. மற்ற மூன்றிலும் 15% வெட்டினால் சராசரி 36.25. விதிப்படி சரி, ஆனால் அந்த மூன்றில் ஒன்றின் வரி 200% என்றால் அது 170-இல் நிற்கும். அதனால் சராசரியை ஒதுக்கிவிட்டு, உங்கள் ஏற்றுமதிப் பொருளின் வரியைத் தனியே பாருங்கள்.

கடைசியாகச் சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடு. அதாவது இறக்குமதி திடீரெனக் கூடினால் வளரும் நாடு தற்காலிகமாக வரியை ஏற்றிக்கொள்ளும் வழி. 2008 ஜூலையில் ஜெனீவா பேச்சு உடைந்ததற்கு இதில் இந்தியாவும் அமெரிக்காவும் ஒத்துப்போகாதது முக்கியக் காரணம். மூன்றாண்டுச் சராசரியைவிட இறக்குமதி 40% கூடினால்தான் வெட்டுக்கு முந்தைய உச்சவரம்பைத் தாண்டி வரி போடலாம் என்பது மேசையிலிருந்த நிபந்தனை. அதைவிடச் சிறிய வரத்தே உள்ளூர் விலையைச் சரித்துவிடக்கூடும். உங்கள் நாட்டின் பத்தாண்டு இறக்குமதிக் கணக்கை எடுத்து, எத்தனை ஆண்டுகளில் அந்த 40% தொட்டிருக்கும், அதற்குள் விலை எவ்வளவு விழுந்திருந்தது என்று குறித்துக்கொண்டு பேச்சுக்குப் போங்கள்.