முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு தடுக்கி விழாமல் நடக்க

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள் பெரும்பாலும் வலியை வைத்தே முன்னேற்றத்தை அளக்கிறார்கள். வலி குறைந்ததும் வாக்கரை ஓரமாகச் சாத்திவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அந்தக் கட்டம்தான். வலி போன வேகத்தில் தசையின் பலம் திரும்பாது. வீக்கம் இருக்கும்வரை தொடையின் முன்பக்கத் தசை முழுதாக இயங்காது. கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் சில மாதங்களுக்கு மங்கலாக இருக்கலாம்.

நிற்கலாம், நடக்கலாம் என்று டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொன்ன பிறகு இவற்றைத் தொடங்குங்கள்.

1. முதலில் வீடு

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரையுள்ள வழியைப் பாருங்கள். கால்மிதி, சார்ஜர் ஒயர், பேரப்பிள்ளைகளின் பொம்மை எல்லாம் அங்கிருந்து போகட்டும். ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பாத்ரூமில் கைப்பிடி பொருத்துங்கள். டவல் மாட்டும் கம்பி உடம்பு எடையைத் தாங்காது. தரையில் புரளும் நைட்டி, தழையத் தழையக் கட்டிய வேட்டி வேண்டாம். செருப்புக்குப் பின்பக்கம் வார் இருக்கட்டும்.

2. எழுந்ததும் நடக்காதீர்கள்

வலி மாத்திரை, தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை எதுவும் தலைசுற்றலைத் தரலாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் சிலமுறை அசையுங்கள். எழுந்து, தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் அடியெடுத்து வையுங்கள்.

3. காலைத் தூக்கி வைக்கப் பழகுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். காலை முன்னே கொண்டுபோகும்போது முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கினால்தான் பாதம் தரையில் உரசாமல் போகும். ஆபரேஷன் ஆனவர்கள் பயத்தில் காலை விறைப்பாக வைத்து இழுத்து நடப்பார்கள். அப்போது பெருவிரல் நிலைப்படியிலோ டைல்ஸ் விளிம்பிலோ இடிக்கும்.

பயிற்சிக்குச் சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கிப் பாதத்தை மாற்றி மாற்றித் தூக்குங்கள். அது சரளமாக வந்ததும் மெதுவாக நடங்கள்: முழங்கால் மடங்க வேண்டும், தரையில் முதலில் குதிகால் பதிய வேண்டும். கண் பாதத்தில் இல்லாமல் சில அடி முன்னால் இருக்கட்டும்.

ஊன்றுகோல் பிடிப்பது ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். திரும்பும்போது புது மூட்டின் மேல் எடையைப் போட்டுச் சுழலாமல், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புங்கள்.

4. சமநிலைப் பயிற்சி

முன்னால் மேடை, பின்னால் நகராத நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள். பாதங்களைச் சேர்த்து வைத்து நில்லுங்கள். 30 விநாடி ஆடாமல் நிற்க முடிந்தால் ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே வையுங்கள். அடுத்து ஒரு குதிகாலை மறு காலின் விரல்நுனியை ஒட்டி வைத்து நிற்பது. ஒற்றைக் காலில் நிற்பது கடைசி. பிசியோதெரபிஸ்ட் சரி என்று சொன்னால் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம்.

5. மாடிப்படி

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். ஒரு கை கைப்பிடிச் சுவரில் இருக்கட்டும். துணைக்கு வருபவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது; ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு படி கீழே நிற்கட்டும்.

நொண்டாமல், சுவரைத் தேடாமல் வீட்டுக்குள் நடக்க முடிந்த பிறகு ஊன்றுகோலை விடுவது பற்றிக் கேளுங்கள். வெளியே நடக்க அது இன்னும் கொஞ்ச காலம் தேவைப்படலாம்.

விழுந்துவிட்டால் வலி இல்லையென்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். முழங்கால் திடீரென தானாக மடங்கினாலும் சொல்ல வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.