வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: எங்கிருந்து தொடங்குவது?

ஆங்கில இலக்கியத்தில் பட்டமும் பி.எட். படிப்பும் முடித்து, சில ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய ஒருவர் வெளிநாடு செல்ல நினைத்ததும் வேலை விளம்பரங்களைத் தேடத் தொடங்குகிறார். அதற்கு முன், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணிக்கு எந்த நாடு விசா தருகிறது என்பதை அவர் அறிந்துகொள்ள வேண்டும்.

தென்கொரியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மொழி ஆசிரியருக்கான இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே பொதுவாகக் கிடைக்கிறது. எனினும் 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின் பயனாக, பட்டத்தோடு ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதியும் பெற்ற இந்தியர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. நம்மவர்களில் பலர் இதை அறியாமலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். தாய்லாந்துப் பள்ளிகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரிடம் ஆங்கிலத் திறனை அளக்கும் டோயிக் (TOEIC) தேர்வில் 600 மதிப்பெண்ணை எதிர்பார்ப்பது வழக்கம். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு மிகவும் நடைமுறைக்கு உகந்தவை, என் கருத்தில், வளைகுடா நாடுகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளிகளே. அங்கே நமது பி.எட். பட்டத்துக்கும் வகுப்பறை அனுபவத்துக்கும் நேரடி மதிப்பு உண்டு.

அதிகக் காலம் பிடிப்பது சான்றிதழ் வேலைதான். பட்டச் சான்றிதழை முதலில் மாநில அரசிடமும், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகத்திடமும் சான்றொப்பம் பெற வேண்டும். பிற நாட்டு ஆவணங்களை ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ளும் ஹேக் உடன்படிக்கையில் உள்ள தென்கொரியா, ஜப்பான், ஓமன் போன்ற நாடுகளுக்கு, அமைச்சகம் இடும் ‘அப்போஸ்டில்’ என்ற அந்த முத்திரையோடு இந்த வேலை முடிந்துவிடும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் போன்ற நாடுகளுக்கு அதன்பின் அந்நாட்டுத் தூதரகச் சான்றொப்பமும் தேவைப்படும். காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்குக் கடவுச்சீட்டு சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு: பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு ‘எஸ். கவிதா’ என்றும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாக விரிந்தும் இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை வெளிநாட்டு அலுவலர் தாமாக உணரமாட்டார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிப்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி கையொப்பத்தோடு முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது, கடைசி நேர அலைச்சலைத் தவிர்க்கும்.

பி.எட். இல்லாதவர்கள் கற்பித்தல் சான்றிதழ் படிப்பு ஒன்றை முடிக்க வேண்டியிருக்கும். ஆங்கிலம் கற்பிப்போருக்கான கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) படிப்பில் உண்மையான மாணவர்களுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். வகுப்பறைப் பயிற்சியே இல்லாமல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சான்றிதழ்களுக்குப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

விண்ணப்பிக்கும் காலம் கல்வியாண்டைப் பொறுத்தது. அமீரகத்தின் இந்தியப் பள்ளிகள் ஏப்ரலிலும், தாய்லாந்துப் பள்ளிகள் மே மாதத்திலும் திறக்கின்றன. மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பங்களை அனுப்பிவிடுங்கள். நேர்காணலில் பெரும்பாலும் மாதிரிப் பாடம் நடத்தச் சொல்வார்கள். இலக்கண விதியைக் கரும்பலகையில் எழுதி விளக்குவது நமக்குப் பழகிய முறை. அவர்கள் கவனிப்பதோ மாணவர் எவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் பேசினார் என்பதை. நேற்று செய்ததைச் சொல்லும் வினைவடிவம் போன்ற ஒரே ஒரு கூறை எடுத்துக்கொண்டு, நீங்கள் குறைவாகவும் மாணவர் அதிகமாகவும் பேசும்படி அந்தப் பாடத்தை அமைத்துப் பழகுங்கள்.

முகவர் வழியாகச் செல்வதானால், அவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களைத் தேர்வு செய்து அனுப்புகிறது. ஊதியம், வாரப் பாடவேளை, தங்குமிடம், கோடை விடுமுறைச் சம்பளம், திரும்பும் பயணச்சீட்டு ஆகிய ஐந்தும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்து சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளியே சொன்னாலும், பணி விசா கைக்கு வரும்வரை இங்குள்ள வேலையிலிருந்து விலகாதீர்கள்.